பழைய ரயில்தடமும் ஆற்றங்கரை உலாவும்

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில், வருஷத்திற்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிற எஹலியகொடப் பக்கத்தில், ஆற்றோரமாக உலாவுதல் கால் பலமுள்ளவருக்கு மாத்திரம் வாய்த்த சுகமாக இருந்து வருகிறது. பாசி படிந்த பாறை, அட்டை ஊரும் புல், மாணிக்கம் தேடியவர்கள் தோண்டி மூடாமல் விட்டுப்போன குழி ஆகிய இவற்றையெல்லாம் தாண்டித்தான் நீரருகே செல்ல வேண்டியிருப்பதால், ஆயுளெல்லாம் றப்பர் மலையில் ஏறி இறங்கிப் பால் வெட்டி முழங்கால் தேய்ந்த மூதாட்டிக்கும், சக்கர நாற்காலியில் அமர்ந்த இளைஞனுக்கும், தம் லயத்துக்குக் கீழே இரைந்தோடும் ஓடை காதால் மட்டும் அறியும் வஸ்துவாகவே இருக்கிறது.

இவர்களுக்காக நான் தர்மம் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களோடு பொது இடங்களையும் மூன்று வருஷத்திற்குள் யாவரும் அணுகத்தக்கவையாக்கும்படி விதித்தன; கெடுதான் பிறகு நீண்டுகொண்டது. சாலையோர மரம் தம் காரின்மேல் சாய்ந்ததால் நடக்கும் சக்தியை இழந்த அஜித் சி. எஸ். பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு அமையவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி கட்டளையிட்டது. ஆயினும், ஆஸ்பத்திரி வாசலிலும் வங்கிப் படிக்கட்டிலும் சரிவுமேடை ஒன்று அமைத்துவிட்டால் கடமை தீர்ந்ததென்பதே நம் அதிகாரிகளின் அபிப்பிராயம். வியாதியோ விண்ணப்பமோ இல்லாமல், வெறும் சந்தோஷத்துக்காக ஒருவர் வெளியே வருவார் என்பது அவர்கள் யோசனையிலேயே இல்லை.

சென்னை மெரீனாவில் அந்த யோசனை பிறந்தது. 2022 நவம்பர் 27ஆம் திகதி, மணலின்மேல் 263 மீற்றர் நீளத்துக்கு ஒரு மரப்பாதை திறக்கப்பட்டு, சக்கர நாற்காலியிலேயே அலையருகே போய்ச் சேர வழி உண்டாயிற்று. ஆனால் ஒரு பட்சம் முடிவதற்குள் மாண்டஸ் புயலில் பொங்கிய கடல் அதன் முனையைச் சிதைத்துவிட்டது. பிற்பாடு செப்பனிட்டார்கள் என்றாலும், களு கங்கை 2003இலும் 2017இலும் இரத்தினபுரியை மூழ்கடித்த விதத்தை அறிந்த நாம், கரையின் விளிம்பிலே பலகை அடித்துத் திறப்புவிழா நடத்துமுன் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

இதற்குப் பரிகாரம் நம் ஊரிலேயே கிடக்கிறது. களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை, இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில், அவிசாவளையிலிருந்து எஹலியகொட, குருவிட்ட வழியாக 1912இல் இரத்தினபுரியை அடைந்தது; அவிசாவளைக்கு அப்பால் சென்ற இந்தப் பகுதி 1970களில் மூடப்பட்டது. ஓடைகளையும் குரு கங்கையையும் கடந்து சென்ற அந்தத் தடத்தை வகுத்த பொறியியலாளர்கள் சக்கர நாற்காலியைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். எனினும், ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டடி நீளமென்று நாற்காலிக்கு வகுத்திருக்கும் அதே சரிவில் பாரமிழுக்கும் எஞ்சின் ஏறமாட்டாதாகையால், அதைவிட எவ்வளவோ மெதுவாக ஏறும் பாதையை மலையைச் சுற்றி வளைத்து அமைத்தார்கள். கைவிடப்பட்ட ரயில்தடங்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடைபாதைகளாக மாற்றியிருப்பதற்கு இந்த மெதுவான சரிவும் ஒரு காரணம். தடத்தில் எஞ்சியிருக்கும் துண்டுகளில் ஆற்றுக்கு அருகாமையிலும் வெள்ளத்துக்கு மேலாகவும் உள்ளவற்றைத் தெரிந்தெடுத்து, வழுக்காத கெட்டித்தளமிட்டு, இரண்டு நாற்காலிகள் விலகிச் செல்லும் அகலமும், வெள்ளைக்கோல் தட்டியுணரும் ஓரவிளிம்பும், மழைக்கு ஒதுங்கக் கூரையோடு கூடிய ஆசனங்களும் அமைத்தால் போதுமானது.

ஒரு நிபந்தனை உண்டு. ஆளற்றுக் கிடக்கும் ரயில் காணிகளில் வேறிடமில்லாத ஜனங்கள் குடிசை போட்டுக்கொள்வது இந்நாட்டில் சகஜம். தலைமுறை தலைமுறையாக உழைத்தும் சொந்தக் காணி காணாத தோட்டத்து ஜனங்கள் வாழும் பிரதேசத்தில், ஒருவர் உலாவுவதற்காக மற்றொருவர் அடுப்பைக் கலைப்பது எனக்குச் சம்மதமன்று. குடியிருப்பு வந்த இடத்தில் பாதை நின்றுவிடட்டும். அரைக் கிலோமீற்றர் தேறினாலும் தேறியதுதான். ஆகையால், மதிப்பீட்டுக்கும் பணத்துக்கும் கொழும்பைப் பார்த்துக் காத்திராமல், பிரதேச சபையார் அளவைச் சங்கிலியோடு ஒருமுறை அத்தடத்தில் நடந்து, எந்தெந்தத் துண்டு இன்னும் பொதுநிலமாக இருக்கிறதென்று குறித்து வைக்கட்டும். அப்போது சக்கர நாற்காலிக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.