உயிர் மீண்டால் மாத்திரம் போதுமா?

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் நீண்டகாலமாக முதலிடத்தில் நிற்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கும் கூடிச் சிவந்த வாயை நாம் கல்யாண வீட்டிலும் காண்கிறோம், செத்த வீட்டிலும் காண்கிறோம். வயல் வரம்பிலும் தேயிலை மலையிலும் காண்கிறோம். புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை திட்டவட்டமாகக் கூறியது. 2016இல் மெல்லும் புகையிலைக் கலவைகளின் விற்பனையை எமது அரசாங்கம் தடை செய்தது. இவை பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது; நானும் எழுதியிருக்கிறேன். நோய் வந்து, சிகிச்சை பெற்று, உயிர் தப்பிய பின்னர் அந்த மனிதன் எதைக் கொண்டு மெல்லுவான் என்பது பற்றித்தான் எவரும் எழுதக் காணோம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனதே, பல்லுக்கா இப்போது கவலை என்று கேட்போர் உண்டு. பல் போனால் சொல் போச்சு என்றும், நொறுங்கத் தின்றால் நூறு வயது என்றும் சொல்லி வளர்ந்த சமூகம் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை.

கதிர்வீச்சுச் சிகிச்சையின் பின்னர் பற்கள் ஏன் போகின்றன? வாய்ப்புற்றுநோய்க்குப் பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறு, ஏழு வாரங்கள் கதிர் பாய்ச்சுவார்கள். கூட்டிப் பார்த்தால் 60 முதல் 70 கிரே வரை வரும். அக்கதிர் புற்றுக் கலங்களோடு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் சுட்டுவிடுகிறது. உமிழ்நீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணிப்பதும், பல்லின் மேற்பூச்சிலிருந்து கரைந்துபோகும் தாதுக்களை மீளக் கொடுப்பதும் அதுவே. அது வற்றியதும் பற்கள் ஈறோடு சேரும் இடத்தில் கபில நிறமாகி அரிபட்டு, சில மாதங்களிலேயே முறிந்து விழத் தொடங்குகின்றன. அதுவரை ஒரு சொத்தைப் பல்லும் இல்லாதிருந்தவருக்கும் இது நேரலாம்.

இதைவிடக் கொடியது எலும்பில் நிகழ்வது. கதிர் பட்ட தாடை எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. குருதியோட்டம் குறைந்த எலும்பு காயத்தை ஆற்றும் வல்லமையை இழக்கிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட எலும்பிலிருந்து ஒரு பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி மூடாமலே கிடக்கலாம். எலும்பு வெளியே தெரியலாம். இறுதியில் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி எடுக்க நேரலாம். ஆண்டுகள் பல கடந்தாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

என்னுடன் ஒரே பத்திரிகையில் நெடுங்காலம் பணியாற்றிய அச்சுக்கோப்பாளர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. இரவு வேலைக்கு வெற்றிலையைத் துணையாகக் கொண்டவர். கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுக்குச் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்று நலமாக இருந்தார். மூன்றாம் ஆண்டு கடைவாய்ப் பல் ஒன்று வலித்தபோது பக்கத்து நகரத்தில் இருந்த தனியார் பல் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் போனார். கதிர்வீச்சு பெற்றீர்களா என்று அங்கு எவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்பதும் இவருக்குத் தெரியாது. பல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. புண் ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. பிறகு கீழ்த்தாடையில் ஒரு பகுதி போயிற்று. கட்டுப்பல் செய்து கொடுத்தார்கள். அது வாயில் நிற்கவில்லை. இன்று அவரது உணவு சொதியில் ஊறவைத்த இடியப்பமும் கஞ்சியும்தான். கல்யாண வீடுகளுக்கு அவர் வருவதில்லை. நாலு பேருக்கு முன்னால் சாப்பிடக் கூச்சம்.

சிகிச்சையளித்த வைத்தியர்களின் திறமையை நான் குறை கூறவில்லை. அவரைச் சாவிலிருந்து மீட்டவர்கள் அவர்கள். ஆனால் புற்றுநோய் வைத்தியருக்கும் பல் வைத்தியருக்கும் இடையே ஒரு துண்டுக் கடிதம் போய்வந்திருந்தால் அந்தத் தாடை மிஞ்சியிருக்கும்.

செய்ய வேண்டியவை மருத்துவ உலகம் அறியாதவை அல்ல. கதிர்வீச்சு தொடங்குவதற்கு முன்னர் நோயாளியைப் பல் வைத்தியர் பார்க்க வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களை அப்போதே அகற்றி, புண் ஆற இரண்டு மூன்று வாரங்கள் விட வேண்டும். மிஞ்சும் பற்களுக்கு நாள்தோறும் புளோரைட் பூச வேண்டும். பின்னாளில் ஒரு பல் பழுதுபட்டால், கூடியவரை பிடுங்காமல், வேர்ச் சிகிச்சை செய்து நிறுத்தப் பார்க்க வேண்டும். பிடுங்கித்தான் ஆகவேண்டுமென்றால் அது வாய், தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரின் கையால் நடக்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் அழுத்தப் பிராணவாயு அறையில் இருந்தால் தாடை காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. 2019இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, முன்காப்பாக அதைக் கொடுப்பதால் பயனொன்றையும் காணவில்லை. ஆகவே அதற்காகக் காணியை ஈடுவைத்துக் கடல் கடந்து ஓடவேண்டிய தேவை இல்லை.

இனி, போன பற்களுக்கு மாற்று என்ன? எளியது கழற்றி மாட்டும் கட்டுப்பல். ஆனால் அது வாயில் ஒட்டி நிற்பதே உமிழ்நீரின் தயவால்தான். வறண்ட வாயில் அது வழுக்கும், உரசும். உரசிய இடம் புண்ணாகும். அந்தப் புண்ணும் எலும்புவரை போகக்கூடும். ஆகவே வாயின் தோல் நன்கு தேறும்வரை, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை, பொறுத்திருந்து, பின்னர் அளவெடுத்துச் செய்து, அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மேல்தாடையை இழந்தவர்களுக்கு வாய்க்கும் மூக்குக்கும் இடையிலுள்ள துவாரத்தையும் சேர்த்து அடைக்கும் தகடு வேண்டும். அது இல்லாவிட்டால் குடித்த தேநீர் மூக்கால் வரும், பேச்சும் விளங்காது.

மற்றையது எலும்பில் டைட்டேனியம் ஆணி பதித்து அதன்மேல் பல்லைப் பொருத்துவது. சுவீடனைச் சேர்ந்த பிரேனேமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்த முறை இது. கதிர் பட்ட எலும்பிலும் இதைச் செய்ய முடிகிறது. எனினும் தோல்வி வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம். எந்த இடத்தில் எத்தனை கிரே விழுந்தது என்பதை அறியாமல் அங்கே துளையிடத் துணியும் வைத்தியரிடம் போகாதிருப்பதே நல்லது. செலவோ சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டாதது. 2022இல் ரூபாய் வீழ்ந்த பின்னர், இறக்குமதியாகும் இப்பொருட்களின் விலை பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இங்குதான் எனது வாதம் தொடங்குகிறது. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்கள் பெருமை கொள்ளத்தக்க உடைமை. மகரகமவிலும், 2013இல் பொதுமக்களின் நன்கொடையால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும், ஒரு சதமும் கொடாமல் ஏழைத் தொழிலாளி கதிர்வீச்சுப் பெறுகிறான். வெட்டியதும் சுட்டதும் சிகிச்சை என்றால், வெட்டியதாலும் சுட்டதாலும் போன பல்லை மீளக் கட்டுவது மாத்திரம் எப்படி அலங்காரமாகும்? கால் இழந்தவனுக்குச் செயற்கைக் கால் கொடுப்பதை எவரும் ஒப்பனை என்று சொல்வதில்லை. போர் கண்ட மண்ணில் வாழும் எமக்கு அது நன்றாகவே தெரியும்.

வெற்றிலை போட்டுத் தானே தேடிக்கொண்ட வினை என்று சொல்வாரும் உளர். பசியையும் குளிரையும் அடக்க, எட்டு வயதிலோ பத்து வயதிலோ தாயின் கையிலிருந்து முதற் பாக்கை வாங்கிய தோட்டத் தொழிலாளியிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பெரிய திட்டம் எதனையும் நான் கேட்கவில்லை. கதிர்வீச்சுத் தொடங்குமுன் பல் வைத்தியரின் ஒப்பம் கட்டாயமாக்கப்படட்டும். கதிரின் அளவும், அது பட்ட இடமும் எழுதிய ஓர் அட்டை, மூன்று மொழியிலும் அச்சிட்டு ஒவ்வொரு நோயாளியின் கையிலும் கொடுக்கப்படட்டும். கட்டுப்பல்லும் தாடைத் தகடும் சிகிச்சையின் பகுதியாகவே வழங்கப்படட்டும். தாடையையே இழந்தவர்களுக்கேனும் ஆணி பதித்த பல்லுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படட்டும். முதல் இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு முத்திரையும் கொஞ்சம் காகிதமும்தான்.

அரசு அசையும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் எவருக்கேனும் கழுத்துக்கு மேலே கதிர்வீச்சு என்று சொல்லப்பட்டால், அதற்கு முன்னரே பல் வைத்தியரைப் பாருங்கள். கிளினிக் கொப்பியில் கதிரின் அளவை எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். எத்தனை ஆண்டு கடந்தாலும், பல் வைத்தியரின் கதிரையில் அமர்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம்.