சொல்லிழை கோத்தவரும் சொல்லைப் பறித்தவரும்

1872-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சப்பானியத் தூதராயிருந்த மோரி அரினோரி என்பார், தம் தாய்மொழி புத்தறிவிற்கும் வணிகத்திற்கும் ஏலாதென்றும், எளிமையாக்கிய ஆங்கிலத்தையே தம் மக்கள் பயிலவேண்டுமென்றும் அந்நாட்டு மொழியறிஞர் ஒருவர்க்கு மடல் வரைந்தார். அத்தகையவரே 1885-இல் சப்பானின் முதற் கல்வியமைச்சராகவும் அமர்ந்தார் எனின், அம்மொழிக்கு நேரவிருந்த கேட்டை என்னென்பது!

இத் தாழ்வுமனத்தை எதிர்த்து நிற்க அந்நாட்டார்க்குக் கைகொடுத்தது வெற்று முழக்கமன்று, இலக்கணப் புலமையே. அப் புலமைக்கு வித்திட்டவர் மொத்தோரி நொரினாகா (1730–1801) என்னும் மருத்துவர். பகலில் நோய் தீர்த்தும் எஞ்சிய பொழுதில் பழநூல் ஆய்ந்தும் வந்த அவர், சீனச் சார்பினின்று தம் நாட்டு உள்ளத்தை மீட்கும் வழியை மொழிக்குள்ளேயே தேடினார். இன்ன இடைச்சொல் முன்வரின் வினை இன்ன வடிவில் முடியும் என்னும் நெறியைப் பழம் பாடல்களினின்று ஒன்றொன்றாய்த் திரட்டி, 1779-இல் நூலாக யாத்தார். சொன்மணிகளைக் கோக்கும் இழை என்பது அந்நூற் பெயரின் பொருள். யாரும் வகுத்துக் கொடாமலே பழம்புலவர் நாவில் அந்நெறி பிறழாது நின்றதைக் கண்டபோது அவர் உற்ற பெருமிதம் எத்தகையதாயிருந்திருக்கும்!

பின்னர் வந்த யமதா யொசியோ, பள்ளியாசிரியராயிருந்தபோது, 'வா' என்னும் இடைச்சொல் எழுவாயைக் குறிக்குமெனக் கற்பித்தார். எழுவாயல்லாத இடத்தும் அது வருகின்றதே என்று மாணவன் ஒருவன் வினவினான். ஆசிரியர் விடையின்றி நின்றார். மேலையிலக்கணச் சட்டையைத் தம் மொழிக்கு மாட்டியதே பிழையென உணர்ந்து அவர் மேற்கொண்ட உழைப்பு, 1908-இல் பேரிலக்கணமாய் முற்றியது. அதற்கும் செருமானிய அறிஞர்தம் கருத்துகள் துணைநின்றன என்பதை மறைத்தல் வேண்டா.

இதுவரை போற்றத்தக்கதே. ஆயின், செருமனியிற் பயின்று மீண்ட உவெதா கசுதொசி 1894-இல், மொழியை அந்நாட்டு மக்களின் உள்ளக்குருதி எனப் புகழ்ந்து அரசோடு பிணைத்தார். அரசோ அக் குருதியைப் பிறர் உடலிலும் புகுத்த முனைந்தது! 1910-இல் விழுங்கப்பட்ட கொரியாவில், 1938-இல் கொரியமொழி கட்டாயப் பாடமென்னும் நிலையை இழந்தது. 1942-இல் கொரிய அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக்கழகத்தார் தளையிடப்பட்டனர். இருவர் சிறையிலேயே மாய்ந்தனர். நொரினாகாவின் வழிவந்தோர்க்கு, கொரியனுக்கும் ஒரு சொல்லிழை உண்டென்பது ஏன் புலப்படவில்லை?

பறிக்கப்பட்ட அவ் அகரமுதலியின் கையெழுத்துப்படி, 1945-இல் சியோல் தொடர்வண்டி நிலையச் சரக்கறையிற் கிடந்து மீண்டது. 1947-இல் அதன் முதன்மடலம் அச்சேறியது.