நாய்க்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு: எவ்வளவு, எப்படி, எதற்குக் கூடாது?

மார்கழி பாதியைத் தாண்டினால் சந்தையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவியத் தொடங்கிவிடும். பொங்கலுக்கு வாங்கிய கிழங்கு வேகும் வாசனைக்கு நாயும் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு துண்டு போடலாமா என்று நாலு பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். சிலர், அதைவிடச் சத்தானது எதுவும் இல்லை, தினமும் கொடு என்பார்கள். வேறு சிலர், நாய்க்குக் கிழங்கே ஆகாது, அதிலும் சர்க்கரைவள்ளியா என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை அப்படியே பின்பற்றினாலும் சிரமப்படப்போவது நாய்தான்.

முதலில் சுருக்கமான பதில்: ஆரோக்கியமான நாய்க்கு, தோல் சீவி, நன்றாக அவித்து, எதுவும் சேர்க்காமல், சிறிதளவு கொடுத்தால் தீங்கில்லை. இந்த நிபந்தனைகளில் ஒன்றைக் கைவிட்டாலும் பதில் மாறிவிடும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாய் மாமிச உண்ணியாயிற்றே, மாவுச்சத்து அதற்குச் செரிக்குமா என்பது நியாயமான சந்தேகம். சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயிடம் 2 மட்டுமே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதரோடு சேர்ந்து, மனிதர் தின்ற தானியத்தின் மிச்சத்தைத் தின்று வாழ்ந்த காலத்தில் நாயின் உடல் அதற்கேற்ப மாறியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சோறும் கஞ்சியும் தின்று வளர்ந்த நம் ஊர் நாய்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பிரதிகளின் எண்ணிக்கை நாய்க்கு நாய் வேறுபடுகிறது. பக்கத்து வீட்டு நாய் ஒரு கிழங்கு தின்று நன்றாக இருக்கிறது என்பது உங்கள் வீட்டு நாய்க்கு உத்தரவாதம் ஆகாது.

அடுத்து, கிழங்கில் என்ன இருக்கிறது? தோல் நீக்கி அவித்த 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 80 கிராம் தண்ணீர்தான். மீதியில் மாவும் சர்க்கரையுமாகச் சுமார் 18 கிராம், அதற்குள் நார்ச்சத்து இரண்டரை கிராம். புரதம் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. கொழுப்பு ஏறக்குறைய இல்லை. கலோரி 76. நார்ச்சத்து மலத்தை ஒழுங்குபடுத்த உதவும். ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்கில் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. நாயின் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால் நம் சந்தைகளில் அதிகம் கிடைப்பது வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சதையுள்ள கிழங்கு. அதில் பீட்டா கரோட்டின் குறைவு. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பூ சோனா' போன்ற ஆரஞ்சு ரகங்கள் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றாலும் குறையில்லை. சரிவிகித உணவு தின்னும் நாய்க்கு அந்த வைட்டமின் வேறு வழியில் கிடைத்துவிடும்.

ஏன் அவிக்க வேண்டும்? பச்சைக் கிழங்கு கட்டை போல் கடினமானது. நாய் மென்று தின்னும் பிராணி அல்ல. கடித்ததை அப்படியே விழுங்கும். பெரிய துண்டு தொண்டையில் சிக்கலாம், குடலை அடைக்கலாம். குடலடைப்பு வந்தால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரும். பச்சைக் கிழங்கில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் உண்டு. வேகவைத்தால் அவை செயலிழந்துவிடும். தோல் நாராக இருப்பதாலும் அதில் மண் ஒட்டியிருப்பதாலும் சீவிவிடுவதே நல்லது. சுடுவதைவிட அவிப்பது மேல்: மெதுவாகச் சுடும்போது மாவின் ஒரு பகுதி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது, சுட்ட கிழங்கு அவித்ததைவிட வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். விரலால் அழுத்தினால் மசியும் பதத்தில் வெந்து, சூடு ஆறிய பிறகு, சிறு துண்டாகவோ மசித்தோ கொடுக்கலாம்.

"எதுவும் சேர்க்காமல்" என்ற நிபந்தனைதான் நம் வீடுகளில் அதிகம் மீறப்படுகிறது. நமக்காகச் செய்த கிழங்கில் வெல்லமும் நெய்யும் இருக்கும். பொரியலில் வெங்காயமும் பூண்டும் மிளகாயும் இருக்கும். சிப்ஸில் எண்ணெயும் உப்பும் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நெய்யும் எண்ணெயும் மிகுந்தால் கணைய அழற்சி வரலாம். அல்வாவில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைக்கு மாற்றாக வரும் சைலிட்டால் சிறிதளவு போனாலும் உயிருக்கு ஆபத்து. ஆகவே நம் தட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. தாளிப்பதற்கும் வெல்லம் போடுவதற்கும் முன்பே நாய்க்கான துண்டை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். தள்ளுவண்டியில் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி விற்கும் கிழங்கும் நாய்க்கு வேண்டாம்.

கிழங்கின் நிலையையும் பாருங்கள். கரும்புள்ளி விழுந்த, பூசணம் பிடித்த கிழங்கில், அந்த நோய்க்கு எதிர்வினையாகக் கிழங்கே சில நச்சுப்பொருள்களை உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் பாதிக்கப்பட்டு இறந்திருக்கின்றன. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியை அவித்துப் போடலாம் என்று கணக்குப் போட வேண்டாம், மொத்தமாகத் தூக்கியெறிந்துவிடுங்கள். சர்க்கரைவள்ளிக் கொடியை நாய்க்கு ஆகாத செடிகளின் பட்டியலில் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு சேர்த்திருக்கிறது, மாடியில் தொட்டியில் வளர்ப்பவர்கள் நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். மரவள்ளிக் கிழங்கையும் சர்க்கரைவள்ளியைப் போல் எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. அது வேறு குடும்பத்துச் செடி. பச்சை மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உண்டு.

இனி அளவு. நாயின் ஒருநாள் கலோரியில் தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் விதி. கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவை. அதில் பத்தில் ஒன்று 60. கிழங்காகப் பார்த்தால் 80 கிராம் அளவு. ஆனால் அது மேல் வரம்பு. பிஸ்கட், முட்டைத் துண்டு என்று மற்றவையும் அதே பங்குக்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே 10 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 30 முதல் 40 கிராம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. 5 கிலோ நாய்க்கு அதில் பாதி. 25 கிலோ லாப்ரடாருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. நாய் கேட்கிறதே என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். லாப்ரடார்களில் ஏறத்தாழ கால்வாசிக்குப் பசி அடங்கும் உணர்வைக் குறைக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். அவை எப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கிழங்கு பெரும்பாலும் தானாக நோய் தருவதில்லை. சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் சர்க்கரைவள்ளியில் புரதம் சுமார் 7 சதவீதம். வளர்ந்த நாயின் உணவில் இதே கணக்கில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும் என்கிறது, அமெரிக்கத் தீவன அலுவலர்களின் கூட்டமைப்பான ஆஃப்கோவின் தரநிலை. நம் ஊரில் பல வீடுகளில் நாய்க்குத் தினமும் தயிர்சாதம். அதுவே மாவுச்சத்து மிகுந்தது. அதன் மேல் கிழங்கும் சேர்ந்தால் வயிறு நிறையும், தசைக்கு வேண்டியது கிடைக்காது, எடை மட்டும் கூடும். கிழங்கு கொடுக்கும் நாளில் அதே அளவு சோற்றைக் குறைத்துவிடுங்கள். முட்டை, கோழி, மீன் ஆகியவற்றின் பங்கை ஒருபோதும் குறைக்காதீர்கள். சைவ வீட்டில் வளரும் நாய் என்றால், புரதமும் கால்சியமும் போதுமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உணவை அமைத்துக்கொள்வது கட்டாயம்.

கடைகளில் தானியம் இல்லாத உணவு என்று விற்கும் நாய்த் தீவனங்களில் பட்டாணி, பருப்பு, உருளை, சர்க்கரைவள்ளி ஆகியவை அரிசி, கோதுமையின் இடத்தைப் பிடிக்கின்றன. இவற்றைத் தின்ற நாய்கள் சிலவற்றுக்கு இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் வந்ததாகப் புகார்கள் வந்ததால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. இந்த உணவுதான் காரணம் என்று இதுவரை உறுதியாகவில்லை. எப்போதாவது கொடுக்கும் அவித்த துண்டை நினைத்து இதனால் பயப்படத் தேவையில்லை. தினமும் மூன்று வேளையும் அப்படிப்பட்ட தீவனமே போடுபவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பாக்கெட்டில் வரும் உலர்ந்த கிழங்குக் கீற்றுகளுக்கும் எச்சரிக்கை வேண்டும்: தண்ணீர் வற்றிய கீற்றில் அதே எடைக்குக் கலோரி பல மடங்கு, ஊறாத கீற்று தொண்டையிலும் சிக்கும்.

சில நாய்களுக்கு இந்தக் கிழங்கு வேண்டாம், அல்லது மருத்துவர் சொன்னால் மட்டுமே. நீரிழிவு உள்ள நாய்க்கு ரத்தச் சர்க்கரை ஏறும். கால்சியம் ஆக்சலேட் கல் வந்த நாய்க்குக் கிழங்கிலுள்ள ஆக்சலேட் ஆகாது. சிறுநீரகம் பழுதான நாய்க்கு இதிலுள்ள பொட்டாசியம் சுமையாகலாம். எடை கூடிய நாய்க்குக் கலோரிக் கணக்கு முக்கியம். பால்குடி மறக்காத குட்டிக்கு இது தேவையே இல்லை.

முதல் முறை கொடுக்கும்போது ஒரு தேக்கரண்டி போதும். ஒன்றிரண்டு நாள் பாருங்கள். மலம் சற்று ஆரஞ்சு நிறமாவதும் லேசாகக் காற்றுப் பிரிவதும் சாதாரணம். வயிற்றுப்போக்கு, அரிப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள். விடாமல் வாந்தி, வயிறு உப்புதல், மலம் போகாமை, சோர்ந்து படுத்தல், மலத்தில் ரத்தம் ஆகியவை வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கும் உதவியாக இருக்கும்.

நம் கையிலிருந்து எதை வாங்கினாலும் நம்பித் தின்கிறது நாய். அது தானே ஆய்ந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். இந்தப் பொங்கலுக்குக் கிழங்கு அவிக்கும்போது, தாளிப்பதற்கு முன் தோல் சீவிய இரண்டு துண்டை எடுத்து ஆறவைத்துக் கொடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதிப் பசியை அதன் வழக்கமான சாப்பாடு தீர்க்கட்டும்.