ஸ்பிரிங்கை அறுக்காதீங்க மக்கா!

எங்க காலேஜ் பார்க்கிங்கில் புதுசா ஒரு வியாதி பரவியிருக்கு. ஒருத்தன் காரைத் தாழ்த்திட்டு வந்தா, அடுத்த வாரமே இன்னும் ரெண்டு பேர் அதே கோலத்தில் வர்றாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். எதை மாட்டித் தாழ்த்தினேன்னு கேட்டாதான் பகீர்னு இருக்கு. "எதையும் மாட்டலை மச்சி, ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்துட்டோம்!"

என் ரூம்மேட்டும் அதைத்தான் பண்ணினான். அவங்க அண்ணன் ஓட்டிக் கொடுத்த பழைய ஸ்விஃப்ட். முதல் நாள் நானும்தான் கைதட்டினேன். பத்து நாள் கழிச்சு ஒரு வேகத்தடையில் இறங்கும்போது பின்னாடி 'டங்'. ஜாக்கி வெச்சுத் தூக்கினா ஸ்பிரிங் கையால ஆட்டினாலே ஆடுது! ஷாக் அப்சார்பர் பழைய நீளத்துக்கு விரியுது, அறுத்த ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் இல்லை. பள்ளத்தில் சக்கரம் தொங்குற நேரம் அது இருக்கையை விட்டு நகர்ந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

அறுத்தா ஸ்பிரிங் மெத்துனு ஆகும்னு வேற சிலர் நம்பறாங்க. நேர் எதிர். வேலை செய்யற 6 சுத்தை 5 ஆக்கினா விறைப்பு 20 சதவீதம் கூடும். கேஸ் வெச்சு சூடாக்கி உட்கார வைக்கிறவங்களைப் பத்திப் பேசவே வேண்டாம், இரும்போட பதமே போயிடும்.

என் கருத்து இதுதான்: காசை முதல்ல ஷாக்குல போடுங்க. நல்ல லோயரிங் ஸ்பிரிங், சக்கரம் முழுசா தொங்கினாலும் இருக்கையில் இறுக்கமா நிக்கிற மாதிரி செஞ்சது. ஆனா 40 மி.மீ. தாழ்த்தினா ஷாக் அமுங்கறதுக்கான இடத்திலும் ஏறக்குறைய அவ்வளவு போச்சு. பழைய ஷாக்கோட ஓட்டினா சின்னக் குழிக்கெல்லாம் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். அதனால ஸ்பிரிங்கும் அதுக்குப் பொருத்தமான குட்டை ஷாக்கும் சேர்ந்த செட், இல்லைன்னா காயில் ஓவர். ரெண்டுக்கும் காசில்லையா, காரை அப்படியே விடுங்க.

தாழ்த்தினா வளைவில் ஒட்டிக்கிட்டுப் போகும்ங்கறதும் பாதி உண்மைதான். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியை ரொம்ப இறக்கினா, பாரமையம் இறங்கறதை விட ரோல் சென்டர் அதிகமா இறங்கிடும். ஸ்பிரிங் விறைப்பா இல்லைன்னா கார் முன்னைவிட அதிகமாவே சாயும். டோ மாறி டயரும் தேயும், அலைன்மென்ட் பார்த்தே ஆகணும்.

சட்டமும் நம்ம பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

ரூம்மேட் இப்ப பழைய அளவு ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டிட்டான், ஷாக்கும் புதுசு. கார் அருமையா ஓடுது. பார்க்கிங்கில் யாரும் திரும்பிப் பார்க்கறதில்லைன்னுதான் அவனுக்கு வருத்தம் :-)