வாய்தா இல்லாத கோர்ட்டு

2024 நவம்பர் கடைசி. சேலம் புது பஸ் ஸ்டாண்டுல நாமக்கல் போற பிரைவேட் பஸ். நம்ம ஊர் பிரைவேட் பஸ்ஸைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு கிழிஞ்சிருக்கும், ஸ்பீக்கர் மட்டும் போன வாரம் வாங்கினது மாதிரி பளபளன்னு இருக்கும். அன்னிக்கு முழுக்க ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டு. ஜன்னல் ஓரம், ஈரக் காத்து, 'ரோஜா' காலத்துப் பாட்டு... வாழ்க்கையில வேற என்னங்க வேணும்?

பின் சீட்டுல மூணு பசங்க. கழுத்துல காலேஜ் டேக். கையில ஒரே போன், மூணு தலையும் அதுக்குள்ள.

"இருபத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப என்னடா பிரிவு?"

"ஏதாவது மேட்டர் இல்லாம இருக்குமா? அதே நாள்ல அந்த பேஸ் கிடார் பொண்ணும் புருஷனைப் பிரியறேன்னு போட்டிருக்கு. கணக்கு சரியா வருதுல்ல?"

"காசு சேர்ந்தா எல்லாருக்கும் இதான் மாப்ள!"

மல்லூர் தாண்டறதுக்குள்ள குற்றப்பத்திரிகை ரெடி. ஆண்டகளூர் கேட்ல பஸ் நின்னப்போ தீர்ப்பும் வந்தாச்சு. சாட்சி கிடையாது, வக்கீல் கிடையாது, வாய்தா கூட கிடையாது. நம்ம நாட்டு கோர்ட்டுல இந்த வேகம் இருந்தா எத்தனை வரப்புத் தகராறு தீர்ந்திருக்கும்! இதுல காமெடி என்னன்னா, தண்டனை கொடுத்த தம்பி அடுத்த நிமிஷம் ஸ்பீக்கர்ல வந்த அதே ரஹ்மான் பாட்டுக்குக் கூடவே பாடினான். நல்ல குரல் வேற.

அந்த கேஸ்ல உண்மையில நடந்தது என்னன்னு ஒரு தடவை பாத்துருவோம். 1995-ல கல்யாணம். 2024 நவம்பர் 19 ராத்திரி பிரிவு அறிவிப்பு. சில மணி நேரத்துல, அவர் குழுவுல வாசிச்ச மோகினி டேயும் தன் கணவரைப் பிரியறதா அறிவிச்சாங்க. ரெண்டு அறிவிப்புக்கும் இருந்த ஒரே சம்பந்தம் காலண்டர்ல இருந்த தேதிதான். நம்ம யூடியூப் நீதிபதிகளுக்கு அது போதுமே! ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சாய்ரா பானுவோட வக்கீல் சொன்னார். ரஹ்மான் எனக்கு அப்பா மாதிரின்னு மோகினி டே சொன்னாங்க. அவதூறு வீடியோவை எல்லாம் 24 மணி நேரத்துல தூக்கணும்னு ரஹ்மான் தரப்புல இருந்து நோட்டீஸ் போச்சு. கடைசியில சாய்ரா பானுவே ஆடியோ வெளியிட்டாங்க. எனக்கு உடம்பு சரியில்லை, மும்பையில சிகிச்சையில இருக்கேன், அவர் தங்கமான மனுஷர், தயவுசெஞ்சு அவரைப் பத்தித் தப்பா பேசாதீங்கன்னு.

யோசிச்சுப் பாருங்க. சிகிச்சையில இருக்கிற ஒரு அம்மா, முன்பின் தெரியாத கோடிப் பேர்கிட்ட தன் புருஷனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கு. 2025 மார்ச்சுல ரஹ்மான் ஆஸ்பத்திரியில சேர்ந்தப்போ பேப்பர்ல எல்லாம் 'முன்னாள் மனைவி'ன்னு போட்டாங்க. நாங்க சட்டப்படி விவாகரத்து வாங்கலை, பிரிஞ்சுதான் இருக்கோம், என்னை 'முன்னாள்'னு சொல்லாதீங்கன்னு அதுக்கும் அவங்களே விளக்கம் சொன்னாங்க. அவங்க வாங்காத டைவர்ஸை நாம வாங்கிக் கொடுத்துட்டோம் பாஸ்!

பஸ்ஸுல அந்தப் பசங்களைத் திரும்பிப் பாத்து ரெண்டு வார்த்தை கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கலை. ஏன்னா எனக்கு 2005 ஞாபகம் வந்துருச்சு. அன்னிக்கு நீதிபதி சீட்டுல நான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள்ல நிறையப் பேர் அப்ப பிறந்தே இருக்க மாட்டீங்க. 2005 செப்டம்பர்ல ஒரு வாரப் பத்திரிகை சர்வேக்காக நடிகை குஷ்பு ஒரு பேட்டி கொடுத்தாங்க. படிச்ச ஆம்பளை யாரும் தனக்கு வரப்போற பொண்ணு கன்னியா இருக்கணும்னு எதிர்பார்க்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன்னாடி உறவு வெச்சுக்கறவங்க கர்ப்பம், நோய் வராம பாத்துக்கணும்ங்கற மாதிரி கருத்து. தமிழ்நாடே பத்திக்கிச்சு. ஊர் ஊரா கேஸ். அதுல ஒண்ணு நம்ம மேட்டூர் கோர்ட்டுல. ஆஜராகலைன்னு அங்க பிடிவாரண்ட் போட்டாங்க. நவம்பர் 16-ம் தேதி அவங்க மேட்டூர் வந்து சரணடைஞ்சு ஜாமீன் வாங்கினாங்க. வாசல்ல என்ன வரவேற்பு தெரியுமா? செருப்பு, தக்காளி, அழுகின முட்டை. (முட்டை எந்த மாவட்டத்துதுன்னு கேட்காதீங்க, எனக்கே கூச்சமா இருக்கு.)

நான் அப்ப திருச்செங்கோடு பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தேன். சாயங்காலம் டி.வி. ஹால்ல நியூஸ். முட்டை பறக்கிற சீன் வரும்போது விசில் பறக்குது. நானும் அடிச்சேன், மறைக்கலை. அந்தப் பேட்டியை ஹால்ல ஒருத்தனும் படிச்சதில்லை. "குடும்பப் பொண்ணு பேசுற பேச்சா இது?"ன்னு ஒருத்தன். "புருஷன் கண்டிச்சு வெச்சிருந்தா இப்படிப் பேசுவாளா?"ன்னு இன்னொருத்தன். எனக்கும் ஏதாவது சொல்லணுமே... "இதுங்க எல்லாம் குடும்பம் நடத்தவா கல்யாணம் பண்ணுதுங்க?"ன்னு நான். செம கைத்தட்டல்.

என் ரூம்மேட் மட்டும் எழுந்து போயிட்டான். பரீட்சைக்குப் படிக்கப் போறான்னு நினைச்சேன்.

அவனைப் பத்திச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை ஆனா அவங்க அம்மா பஸ் பிடிச்சு வந்துருவாங்க. தூக்குப்போசி நிறைய எள்ளுருண்டை, கை முறுக்கு. "சாப்பிடுங்க கண்ணுங்களா"ன்னு எங்க எல்லாருக்கும் பங்கு. நெத்தி நிறைய குங்குமம், மஞ்சள் கயிறு. அப்பா ரிக் லாரியில வடக்க இருக்கார்னு அவன் சொல்லியிருந்தான். திருச்செங்கோட்டுல பாதி வீட்டு அப்பாக்கள் போர்வெல் வண்டியில மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னுதான் இருப்பாங்க. யார் சந்தேகப்படுவாங்க?

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி கரண்ட் போச்சு. மொட்டை மாடியில படுத்திருந்தோம். இருட்டுல அவனாத்தான் ஆரம்பிச்சான். அப்பா வடக்கேயும் இல்லை, தெற்கேயும் இல்லை. இவன் ஆறாவது படிக்கும்போதே அம்மா அந்த வீட்டை விட்டு வந்துட்டாங்க. ஏன் வந்தாங்கன்னு அவன் சொல்லலை, நானும் கேட்கலை. ஊர்ல மட்டும் எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சிருந்துச்சாம். ஒருத்தர் மில் சூப்பர்வைசர்னார், ஒருத்தர் திமிர்னார், ஒருத்தர் வளர்ப்பு சரியில்லைன்னார். ஹாஸ்டல்ல பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தக் கயிறை எடுத்துப் போட்டுட்டு வருவாங்களாம். பஸ் ஏறினதும் கழட்டிப் பைக்குள்ள வெச்சுக்குவாங்களாம்.

"அன்னிக்கு டி.வி. ஹால்ல நீங்க பேசினது எல்லாம் எங்க ஊர்ல எங்கம்மாவைப் பத்திப் பேசினதுதான்டா. பேரு மட்டும்தான் வேற"ன்னான்.

எனக்கு அந்த நிமிஷம் எள்ளுருண்டை தொண்டையில நின்ன மாதிரி இருந்துச்சு.

குஷ்பு கேஸ் என்னாச்சுன்னு கேட்பீங்க. சென்னை உயர் நீதிமன்றம் கேஸை ரத்து பண்ண மறுத்துச்சு. உச்ச நீதிமன்றம் போனாங்க. 2010 ஏப்ரல் 28-ல மொத்தம் 23 கேஸும் ரத்து. விசாரணையப்போ, இந்தப் பேட்டியால உங்களுக்கு என்ன பாதிப்பு, எந்த வீடு இதனால கெட்டுச்சுன்னு புகார்காரங்க தரப்பை நீதிபதிகள் கேட்டதா செய்தி வந்துச்சு. நாலரை வருஷத்துல யாராவது முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! தீர்ப்பு வந்தப்போ நாங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டோம். டி.வி. ஹாலும் இல்லை, விசிலும் இல்லை. விடுதலைச் செய்திக்கு என்னிக்கு கூட்டம் சேர்ந்திருக்கு?

இது நம்ம தலைமுறை வியாதின்னு பெரியவங்க சொன்னா நம்பாதீங்க. போன் இல்லாத காலத்துலயே இது ஹிட். 1940-கள்ல லட்சுமிகாந்தன்னு ஒருத்தர் 'சினிமா தூது' நடத்தினார், அப்புறம் 'இந்து நேசன்'. நடிகர் வீட்டுக்குள்ள யார் போனா, யார் வந்தாங்கறதுதான் சரக்கு. பிச்சுக்கிட்டு வித்துச்சு. 1944 நவம்பர்ல சென்னை வேப்பேரியில அவரைக் குத்திட்டாங்க, அடுத்த நாள் இறந்துட்டார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, தண்டனை வாங்கி, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் கேஸ் போய், 1947-லதான் விடுதலை. இதுல என்னை உறுத்தறது வேற. பாகவதர் உள்ளே இருந்தப்போ அவரோட 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டர்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணு தீபாவளி பாத்த படம். ஆளைத் திட்டு, பாட்டை ரசி. நான் பஸ்ஸுல பாத்த தம்பிக்கு எழுபது எண்பது வருஷத்து முன்னோர்கள் உண்டு!

நம்ம பக்கமும் சும்மா இல்லை. "சினிமாக்காரங்கன்னாலே அப்படித்தான்"னு சேலத்துக்காரர் யாராவது சொன்னா எனக்குச் சிரிப்பு வரும். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது. நூத்துக்கும் மேல படம் எடுத்த டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், துணி வியாபாரத்துல வசதியான குடும்பம். லீட்ஸ் போய் டெக்ஸ்டைல் படிச்சவர், கட்டிக்கிட்டது வெள்ளைக்காரப் பெண்மணியை. அந்தக் காலத்து டீக்கடையில என்ன பேசியிருப்பாங்கன்னு நான் சொல்ல வேற வேணுமா?

'அவங்க மட்டும் யோக்கியமா? கல்யாணத்தை ஓ.டி.டி.க்கு விக்கறாங்க, குழந்தை பாதத்தை போட்டோ போடறாங்க, அப்புறம் பிரைவஸின்னா எப்படி?' நியாயமான கேள்விதான். கடை விரிச்சவங்க விலை கேட்கிறவனைக் கோவிச்சுக்க முடியாது. அடி உதைன்னோ ஏமாத்துன்னோ பாதிக்கப்பட்டவங்களே புகார் கொடுத்தா அது வீட்டு விஷயமும் இல்லை, நட்சத்திரமா இருந்தாலும் கேட்டுத்தான் ஆகணும். 2022-ல நயன்தாரா - விக்னேஷ் சிவன் விஷயத்துலயும் அரசாங்கம் விசாரிச்சதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், வாடகைத் தாய்க்குன்னு ஒரு சட்டம் இருக்கு. ஆனா நாம சட்டத்தையா படிச்சோம்? ஜூன் 9 கல்யாணம், அக்டோபர் 9 இரட்டைக் குழந்தை அறிவிப்பு... ஊரே விரல் விட்டு மாசம் எண்ணுச்சு. விசாரணைக் குழு அறிக்கை வந்தப்போ, 2016-லயே பதிவுத் திருமணம் ஆயிருச்சு, தம்பதி விதி எதையும் மீறலைன்னு இருந்துச்சு. எண்ணின விரலை எல்லாரும் மெதுவா பாக்கெட்டுல விட்டுக்கிட்டாங்க.

கவனிச்சீங்களா, கேஸ் யார் மேல இருந்தாலும் முதல் தீர்ப்பு பொண்ணுக்குத்தான். 2021 அக்டோபர்ல சமந்தாவும் நாக சைதன்யாவும் சேர்ந்துதான் பிரிவை அறிவிச்சாங்க. கள்ள உறவு, குழந்தை வேண்டாம்னாங்க, கருக்கலைப்புன்னு வதந்தி முழுக்க சமந்தா தலையில. ஒரு வாரத்துக்குள்ள அவங்களே அதை எல்லாம் பட்டியல் போட்டு மறுக்க வேண்டியிருந்துச்சு. யூடியூப் சேனல்கள் மேல கோர்ட்டுக்கும் போனாங்க.

சமந்தாகிட்ட வக்கீல் இருக்கார். ரஹ்மானுக்கு நோட்டீஸ் அனுப்ப ஆள் இருக்கு. கேண்டீன்ல நாம சொல்ற தீர்ப்பு அவங்க காதுக்குப் போகவே போகாது. பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கிறவன் காதுக்குப் போகும். உங்க க்ளாஸ்ல அறுபது பேர்னா, வீட்டுல அப்பாவும் அம்மாவும் ஒரே ரூம்ல பேசிக்காதவங்க, ரேஷன் கார்டுல மட்டும் சேர்ந்திருக்கிறவங்க, கோர்ட்டுல தேதி வாங்கினவங்க எத்தனை பேர் இருப்பாங்க? யாரும் கையைத் தூக்க மாட்டாங்க. நம்ம கமெண்ட்டை மட்டும் கேட்டு வெச்சுக்குவாங்க, நாளைக்கு நம்ம கதை தெரிஞ்சா இவங்க என்ன பேசுவாங்கன்னு தெரிஞ்சுக்க.

நாமக்கல்ல இறங்கினதும் என் பழைய ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். இப்ப அவனே ரெண்டு ரிக் வண்டிக்கு ஓனர், நிஜமாவே வடக்கதான் இருந்தான்.

"ரஹ்மான் சம்சாரம் பேசின ஆடியோ கேட்டியாடா?"ன்னு அவனே கேட்டான்.

"கேட்டேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கு. அதுவும் கேட்டுச்சு. ரெண்டு தடவை போடச் சொல்லுச்சு."

அப்புறம் கொஞ்ச நேரம் லைன்ல கம்ப்ரஸர் சத்தம் மட்டும்தான்.

"ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்றேன், வீட்டுக்கு வா. எள்ளுருண்டை போடச் சொல்றேன்"னான்.