தமிழுக்கு அளந்து கட்டம் போடுங்கள்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, புத்திரகவுண்டன்பாளையம், பெத்தநாயக்கன்பாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். ஊர்ப் பெயரே பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும் வட்டாரம் இது. இங்கே ஒருவர் தன் பெயர், தகப்பனார் பெயர், தெரு, கிராமம், அஞ்சல், வட்டம் என்று முழு முகவரியையும் ஒரு கணினிப் படிவத்தில் ஏற்றினால், அந்தப் படிவத்தின் கட்டங்கள் எந்த மொழிக்காக வரையப்பட்டவை என்பது உடனே தெரிந்துவிடும். 'சேலம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் இடம் மிச்சம். 'பெத்தநாயக்கன்பாளையம்' என்று தமிழில் எழுதினால் கடைசி எழுத்துகள் பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறும், அல்லது புகைப்படத்துக்கு அடியில் போய் மறையும்.

இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அச்சாகும் காகிதங்களைத் தமிழர்கள் சகஜமாக எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். முத்திரைக்குள் புதைந்த தேதி, கியூஆர் சதுரத்தின் மேல் படிந்த முகவரி, மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும் அறிவிப்பு. கேட்டால், தட்டச்சு செய்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று பதில் வரும். பழி டிடிபி சென்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மேல் விழும். அது நியாயமில்லை. வரும் பெயரை அளந்து பார்க்காமல் பக்கத்தை அடைக்கும் மென்பொருளும், அப்படிப்பட்ட மென்பொருளைக் கேள்வி கேட்காமல் வாங்கும் அலுவலகங்களும்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. 'ஏரி' என்ற சொல்லில் முதல் எழுத்தின் கீழே இழுக்கப்பட்ட சிறு கோடுதான் அதை 'எரி'யிலிருந்து பிரிக்கிறது. குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தது. அட்டவணையின் அடிக்கோடு அந்தச் சிறு கோட்டின் மேல் படுத்துவிட்டால் நெடில் குறிலாகிவிடும். மேற்கோடு படுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி போய்விடும். அதே காகிதத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டின் நிலை வேறு. அதை 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியபோதே, அது சேதமடைந்தாலும் படிக்கக்கூடியதாக அமைத்தது. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் அழிந்தாலும் செல்பேசி அதைப் படித்துவிடும். ஒரு பட்டாவில் இருக்கும் பெயருக்கு அப்படி எந்தக் காப்பும் கிடையாது. ஒரு புள்ளி மறைந்தால் அது வேறு பெயர்தான்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவே வழியில்லை. கம்போசிட்டர் எழுத்துகளைச் சட்டத்தில் அடுக்கி ஒரு பாரம் கட்டும்போது ஒவ்வோர் எழுத்தும் தனி உலோகத் துண்டு. ஒரு துண்டு இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. இடம் போதவில்லை என்றால் பாரம் பூட்டாது, அச்சும் ஓடாது. தமிழுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதையும் அந்தக் காலமே கண்டுகொண்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அவை காகிதத்தைத் தின்றதால் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகம் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டு, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது. எழுத்தை அளந்து, பிறகு பக்கத்தைத் திட்டமிட்டார்கள்.

திரை வந்ததும் அந்த இயற்கையான தடை போயிற்று. 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், அதன் வழியில் 1993இல் வந்த பிடிஎஃப் கோப்பும் பக்கத்தை ஓர் ஓவியமாகவே பார்க்கின்றன. பழைய சுவர் விளம்பரத்தின் மேல் புதுச் சுண்ணாம்பு அடிப்பது போல, பின்னால் வருவது முன்னால் இருப்பதை மூடிவிடும். கீழே என்ன இருந்தது என்று அந்தக் கோப்பு கேட்பதில்லை. 1985இல் வெளிவந்த பேஜ்மேக்கர், எதையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தது. தமிழ்நாட்டின் டிடிபி தொழில் அந்த மென்பொருளில்தான் வளர்ந்தது. கல்யாணப் பத்திரிகை முதல் திருவிழா நோட்டீஸ் வரை லட்சக்கணக்கான தமிழ்ப் பக்கங்கள் அதில் உருவாயின. ஆனால் அது கடைசிவரை யூனிகோடுக்கு மாறவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒவ்வோர் எழுத்தின் அகலமும் மாறுகிறது. பழைய அளவுக்குப் போட்ட கட்டங்கள் அப்போது பொருந்தாமல் போகின்றன.

தமிழில் இந்த இடிபாடு ஆங்கிலத்தைவிட அதிகம் நேர மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது உயரம். கு, நூ, மூ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி கீழே இறங்கும். மெய்யின் புள்ளியும் இகர, ஈகாரச் சுழிகளும் மேலே ஏறும். ஆங்கில எழுத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் இவை இரண்டும் நடுவே சந்தித்துக்கொள்ளும். இரண்டாவது அகலம். ணை, னௌ போன்றவை ஆங்கிலத்தின் இரண்டு மூன்று எழுத்துகளின் இடத்தைப் பிடிக்கும். மூன்றாவது, எழுத்துரு மாற்றம். ஒரு கணினியில் ஓர் எழுத்துருவில் அமைத்த பக்கத்தை, அது இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் வேறோர் எழுத்துரு வந்து உட்காரும். அதன் அகலம் வேறு, உயரம் வேறு. நேற்று சரியாக இருந்த பக்கம் இன்று இடித்துக்கொள்ளும்.

எழுத்துகளை எண்ணிக் கட்டம் போடுவதும் பயன் தராது. 'வாழப்பாடி' தமிழ்க் கணக்கில் 5 எழுத்து. யூனிகோடில் 9 குறியீடு. 'பெத்தநாயக்கன்பாளையம்' 12 எழுத்து; 20 குறியீடு. '20 எழுத்துக்கு மேல் வேண்டாம்' என்று ஆங்கிலத்தை நினைத்து வரம்பு வைக்கும் நிரலாளர், பெத்தநாயக்கன்பாளையத்துக்கு முன்னால் ஒரு தெருப் பெயரைக்கூட அனுமதிக்கவில்லை என்பதை அறியமாட்டார். அந்த 12 எழுத்து காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அந்த எண்ணிக்கையில் இல்லை. எழுத்துருவைக் கேட்டு அகலத்தை அளந்தால்தான் உண்மை தெரியும்.

அளப்பது கடினமான காரியமும் அல்ல. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஒரு செவ்வகமாக எண்ணுங்கள். இரண்டு செவ்வகங்கள் மோதுகின்றனவா என்று அறிய நான்கு கேள்விகள் போதும். ஒன்று மற்றொன்றுக்கு முழுவதும் இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா, மேலேயா, கீழேயா? நான்குக்கும் இல்லை என்று விடை வந்தால் மோதல். ஒரு படிவத்தில் 40 பொருள்கள் இருந்தால் 780 ஜோடிகள். இதைச் சரிபார்க்கச் சாதாரணக் கணினிக்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம்.

இதை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத். 1977இல் தன் நூலின் புதிய பதிப்புக்கு வந்த புரூப்களின் தரம் பிடிக்காமல், பக்கம் அமைக்கும் மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். 1978இல் வெளிவந்த அந்த 'டெக்' மென்பொருளில் ஒவ்வொரு வரியும் உயரமும் ஆழமும் அளக்கப்பட்ட ஒரு பெட்டி. வழக்கமான வரி இடைவெளியில் இரண்டு பெட்டிகள் இடிக்கும் என்று கணக்கில் தெரிந்தால், அந்த இடைவெளியை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே குறைந்தபட்ச இடத்தை அதுவே நுழைத்துவிடும். வரி ஒழுங்கு கொஞ்சம் கலையும்; எழுத்து மறையாது. எது முக்கியம் என்பதில் நூத்துக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இணையப் பக்கங்களும் இயல்பில் அப்படித்தான். ஒரு பத்தி நீண்டால் அடுத்த பத்தி கீழே நகரும். 'இந்த இடத்திலேயே நில்' என்று வடிவமைப்பாளர் ஒரு பொருளை ஆணியடிக்கும்போதுதான் இடிபாடு தொடங்குகிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில்கூடப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாமா கூடாதா என்று முடிவு செய்யும் ஒரு தேர்வு, படத்தின் அமைப்புப் பகுதிக்குள் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? தடுக்கும் வசதி அமைப்புகளின் ஆழத்தில் ஒளிந்திருக்கும்வரை அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

மோதலைக் கண்டுபிடிப்பது சுலபம். கண்டபின் என்ன செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். வரைபடங்களைப் பாருங்கள். ஊர்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் மிகச் சிறந்த முறையில் அடுக்குவது, கணினிக்கே மிகக் கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1991இலேயே ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஆகவே வரைபட மென்பொருள்கள் எளிய வழியை எடுக்கின்றன: இடம் இல்லாத பெயரைக் காட்டாமல் விட்டுவிடுகின்றன. திரையைச் சுருக்கினால் சேலம் நிற்கும், ஆத்தூர் நிற்கும், நடுவிலுள்ள பேளூரும் சிங்கிபுரமும் காணாமல் போகும். திரையைப் பெரிதாக்கினால் திரும்பி வரும் என்பதால் வரைபடத்துக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஒரு சான்றிதழைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெட்டப்பட்ட பெயர் திரும்பி வராது.

படிவங்களுக்கு வேண்டிய பாடம் காவிரிக்கு அந்தப் பக்கம், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். தங்கள் குறைகளைக் கவனிக்கச் செய்ய விவசாயிகள் திரளாக மனுத்தாக்கல் செய்ததன் விளைவு அது. ஒரு தாளில் அடங்காத அந்த வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சிடப்பட்டது; வாக்குப்பதிவும் தள்ளிவைக்கப்பட்டது. இடம் இல்லை என்று யாருடைய பெயரையும் வெட்டவில்லை. ஒருவர் பெயர்மேல் இன்னொருவர் பெயரை ஏற்றவும் இல்லை. இன்றைய வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஓர் அலகில் 16 இடங்கள்; அதற்கு மேல் போனால் பக்கத்தில் இன்னோர் அலகைச் சேர்க்கிறார்கள். பெயர்கள் கூடினால் இடத்தைக் கூட்டுகிறார்கள்.

சான்றிதழ் மென்பொருளும் இதே ஒழுங்கில் நடக்க வேண்டும். பெயர் கட்டத்தில் அடங்காவிட்டால் முதலில் அடுத்த வரிக்கு மடிக்கட்டும். அதுவும் போதாவிட்டால் கட்டத்தை உயர்த்தி, கீழே உள்ளவற்றைத் தள்ளட்டும். பக்கம் நிறைந்தால் இரண்டாம் பக்கம் போகட்டும். எழுத்தின் அளவைக் குறைப்பது அதற்குப் பிறகுதான், அதுவும் முதியவர் கண்ணாடியோடு படிக்கக்கூடிய ஓர் எல்லைவரைதான். எதுவும் பலிக்கவில்லை என்றால் அச்சிடாமல் நின்று, எந்த இரண்டு பொருள்கள் மோதுகின்றன என்று திரையில் சிவப்பில் காட்டட்டும். பெயரைச் சத்தமில்லாமல் வெட்டுவதற்கு மட்டும் எந்த நிலையிலும் அனுமதி கூடாது.

இதற்கு வடிவமைப்பாளர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். சினிமா சுவரொட்டியில் தலைப்பு நாயகன் படத்தின் மேல் ஏறுவது வேண்டுமென்றே செய்வது. தானாகத் தடுக்கும் மென்பொருள் அந்தக் கலையைக் கெடுத்துவிடும் என்பார்கள். சுவரொட்டிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டியதுதான். அங்கே ஏற்றுகிறவர் தெரிந்தே ஏற்றுகிறார். பட்டாவிலும் சாதிச் சான்றிதழிலும் மருத்துவமனைச் சீட்டிலும் அப்படி ஏற்ற ஒருவருக்கும் தேவை இல்லை. மேலேறுவதற்குத் தனியாக அனுமதி கேட்கும்படியும், கேட்காதபோது தடுக்கும்படியும் மென்பொருள் இருந்தால் இரண்டு தரப்பும் பிழைக்கும்.

அலுவலர்களுக்கு வேறோர் ஆட்சேபம் இருக்கலாம்: அரசுப் படிவம் ஒரே பக்கத்தில், கையெழுத்து அதே இடத்தில் இருந்தாக வேண்டும். தேர்தல் வாக்குச்சீட்டே புத்தகமாக முடிந்த மாநிலத்தில், ஒரு வருமானச் சான்றிதழ் இரண்டாம் பக்கத்துக்குப் போவதில் என்ன குறை?

இணையதளங்களுக்கு இதைப் போன்ற விதி ஏற்கெனவே உண்டு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை, வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக்கினாலும் பக்கத்தில் எதுவும் மறையக் கூடாது என்கிறது. எழுத்தை 200 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினாலும் அப்படியே. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலும் அந்த நெறிமுறையைப் பின்பற்றுகிறது. திரைக்கு இருக்கும் இந்த அக்கறை, வாழப்பாடியில் ஒரு விவசாயி கையில் வாங்கிப் போகும் காகிதத்துக்கும் வேண்டும்.

செய்ய வேண்டியது இரண்டுதான். தமிழ்நாட்டு அரசுத் துறைகள் மென்பொருள் வாங்கக் கோரும் ஒப்பந்தப்புள்ளிகளில், பொருள்கள் மோதினால் அச்சிடக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். கூடவே ஒரு சோதனைப் பட்டியலையும் தர வேண்டும்: வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள மிக நீண்ட கிராமப் பெயர்கள், உகர ஊகார எழுத்துகள் அடுக்கி வரும் ஆள் பெயர்கள், ஸ்ரீ போன்ற உயரமான எழுத்துகள். தமிழ்க் கணிமையில் நீண்டகாலமாக இயங்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அந்தப் பட்டியலைத் தயாரித்து, தனியார் அச்சகங்களும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிடலாம். 'சேலம்' மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மென்பொருளுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை 'புத்திரகவுண்டன்பாளையம்' என்றும் அடித்துப் பார்க்கட்டும்.