எல்லாருக்கும் ஒருமுறை வியோலா

ஒரு வாரத்தில் யாருக்கும் வயலின் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. கோடை முகாம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வில்லைப் பிடித்த கையில் சுண்டுவிரல் விறைக்காமல் வளைந்து நிற்கவே சில குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். இருந்தும் ஜூன் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் எட்டு வயதும் பன்னிரண்டு வயதுமான பிள்ளைகள் வயலின் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். பள்ளி நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் முன் நிற்பவர்கள், அங்கே காலை முதல் மாலை வரை தந்திச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயது. 1926இல் டெட்ராய்ட் நகரில் இசை ஆசிரியர்களின் மாநாடு நடந்தபோது, ஜோசப் மேடி என்பவர் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் திரட்டி ஓர் ஆர்கெஸ்ட்ராவை மேடையேற்றினார். சில நாள் ஒத்திகை, கச்சேரி, பிறகு அவரவர் ஊர். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. 1928இல் மிச்சிகன் மாநிலத்தின் இன்டர்லாக்கனில், இரண்டு ஏரிகளுக்கு இடையிலிருந்த காட்டில், 115 மாணவர்களோடு மேடியின் முதல் முகாம் தொடங்கியது. சொந்த ஊரில் ‘இவனைப்போல் வாசிக்க ஆளில்லை’ என்று பெயரெடுத்தவன் அங்கே போய் உட்கார்ந்தால், அடுத்த நாற்காலியில் இருப்பவனும் அதே பெயரோடு வந்தவனாக இருப்பான்.

அந்த நாற்காலிதான் இன்டர்லாக்கனில் பல்லாண்டுக் காலம் பாதி ஆசிரியர் வேலையைச் செய்தது. வாரந்தோறும் ‘சேலஞ்ச்’ நடக்கும். பின்னால் இருப்பவரும் முன்னால் இருப்பவரும் ஒரே பகுதியை வாசிப்பார்கள். மற்ற மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, யார் தேவலை என்று கையுயர்த்துவார்கள். ஜெயித்தவருக்கு முன் நாற்காலி. பயிற்சியைத் தள்ளிப்போடுகிற பிள்ளையையும் வில்லைத் தொடவைக்கும் ஏற்பாடு இது. பக்கத்தில் இருப்பவர் எங்கே தவறுவார் என்று காத்திருக்கவும் இதுவே காதைப் பழக்கும். அதே முகாமில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஹோவர்ட் ஹேன்சனின் இரண்டாம் சிம்பொனியிலிருந்து எடுத்த ஒரு மெட்டை நிகழ்ச்சி முடிவில் வாசிப்பார்கள். அப்போது கண்டக்டர் ஒதுங்கிக்கொள்வார். நடத்துவது முதல் நாற்காலி வயலின் மாணவர்.

வயலின் ஆசிரியர் இவான் கலாமியன் 1944இல் தொடங்கிய மெடோமவுண்ட் முகாம் வேறு ரகம். நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைப்பகுதியில் ஏழு வாரம், தினமும் ஐந்து மணி நேரத் தனிப்பயிற்சி. கலாமியன் பாரசீகத்தின் தப்ரீஸ் நகரில் பிறந்த ஆர்மீனியர். மாஸ்கோவிலும் பாரிஸிலும் பயின்று நியூயார்க்குக்கு வந்தவர். வேகமான பகுதியை ஆமை வேகத்தில், தாளக்கட்டை மாற்றி மாற்றி வாசிக்கவைப்பது அவருடைய வழி. அறையைக் கடந்து போகிறவர் அது என்ன உருப்படி என்று கண்டுபிடித்துவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்த மலையில் புழங்கும் விதி இது. இட்சாக் பெர்ல்மன், பிங்கஸ் சூக்கர்மன், யோ-யோ மா ஆகியோர் இளவயதில் அங்கே கோடையைக் கழித்தவர்கள். பன்னிரண்டு வயதில் போன ஜோஷுவா பெல்லுக்கு அங்கேதான் ஆசிரியர் ஜோசப் கிங்கோல்ட் அறிமுகமானார். பிறகு இண்டியானாவில் அவரிடமே பல்லாண்டு பாடம்.

அதே மெடோமவுண்டில் படித்தவர்தான் பெர்ல்மனின் மனைவி டோபி. 1994இல் அவர் ஏற்படுத்திய பெர்ல்மன் மியூசிக் புரோகிராம் இன்று நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவில் நடக்கிறது. போட்டிச் சூழல் வேண்டாம் என்பது டோபியின் கட்டளை. பெரிய பெரிய கான்செர்ட்டோக்களைக் கரைத்துக் குடித்த பிள்ளைகள் அங்கே கருவியை வைத்துவிட்டு கோரஸில் நின்று வாய்விட்டுப் பாடியாக வேண்டும். கோரஸில் ஒருவருடைய குரல் மட்டும் தனித்துத் தெரிந்தால் அது பாராட்டாகாது.

மூன்றாவது வழி ஜப்பானிலிருந்து வந்தது. நாகோயாவில் வயலின் தொழிற்சாலை நடத்தியவரின் மகன் ஷினிச்சி சுசுகி. எல்லாக் குழந்தையும் தாய்மொழி பேசிவிடுகிறது, அதே விதமாகக் கேட்டுக் கேட்டு இசையும் வரும் என்பது அவர் கொள்கை. 1955இல் டோக்கியோவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்து வாசிக்கவைத்தார். அதைப் படமெடுத்த சுருள் 1958இல் ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில் ஓடியபோது, பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவைச் சின்னஞ்சிறுசுகள் கூட்டமாக வாசிப்பதைப் பார்த்த ஆசிரியர்கள் அசந்துபோனார்கள். 1964இல் பத்துக் குழந்தைகளோடு சுசுகியே அமெரிக்கா வந்தார். 1971இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்டில் மார்ஜரி ஏபர் தொடங்கிய கோடைப் பயிலரங்கு, நாடெங்கும் நடக்கும் சுசுகி முகாம்களுக்கு முன்னோடி.

சுசுகி முகாமில் பெற்றோரும் கூடவே உட்கார வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு நாலு பிள்ளைகள். ஒருவர் கால் மணி நேரம் வாசிப்பார், மற்ற மூவரும் கவனிப்பார்கள், அம்மாவோ அப்பாவோ நோட்டில் குறிப்பெடுப்பார்கள். அடுத்த அறையில் ஒரே நிலையில் உள்ள இருபது பேர் சேர்ந்து வாசிக்கும் வகுப்பு. கூட்டு நிகழ்ச்சியில் கடினமான உருப்படியை முதலில் எடுப்பார்கள். மேடையில் சிலரே நிற்பார்கள். உருப்படி எளிதாக ஆக ஆக ஆள் கூடிக்கொண்டே வரும். கடைசியில் ‘ட்விங்கிள்’ வரும்போது நாலு வயதுக் குழந்தை முதல் கல்லூரி மாணவர் வரை எல்லாரும் மேடையில்.

இனி வகுப்பறைக்குள். முகாமின் முதல் வேலை இசையே இல்லை, சுருதி சேர்ப்பது. இருபது பிள்ளைகள் என்றால் எண்பது தந்திகள். ஈரக் காற்றில் மரப்பிருடை உப்பி இறுகிக்கொள்ளும். ஏசி அறைக்குள் கொண்டுவந்தால் சுருங்கி வழுக்கும். காரில் பூட்டிவைத்த வயலினுக்கு வெயில் இன்னும் மோசம். வயலின் பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து எடுத்த பசை. சூட்டில் அது இளகி, பலகை வாய் பிளந்துகொள்ளும். வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பில் பல முகாம்கள் இதைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன.

அடுத்தது உடம்பு. தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் நம் ஊர் முறையில் கருவிக்கு இரண்டு முனையிலும் தாங்கல் உண்டு. நின்று வாசிக்கும் மேற்கத்திய முறையில் தோளும் தாடையும்தான் கதி. அதனால் பதினாறில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, பத்தில் ஒன்று, எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால் என்று குழந்தையின் கைக்கேற்ப வயலின் மாறுகிறது. தோளுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஸ்பாஞ்சு, விரல் விழும் இடத்தைக் காட்டும் டேப், நிற்கும் இடத்தைக் காட்ட அட்டையில் வரைந்த பாதம். இடது மணிக்கட்டு மடிந்து வயலினுக்கு முட்டுக்கொடுத்தால், ‘பீட்ஸா தட்டை ஏந்தாதே’ என்பார்கள். வில்லை நிமிர்த்திப் பிடித்து ராக்கெட் விடுவார்கள், கார்க் கண்ணாடி வைப்பரைப்போல இருபுறமும் ஆட்டுவார்கள். விளையாட்டாகத் தெரிகிற இவற்றுக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. ஹங்கேரியிலிருந்து வந்த பால் ரோலண்ட் 1960களின் பிற்பகுதியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அரசு நிதியோடு ஒரு திட்டம் நடத்தி, தொடக்க மாணவர்களின் உடலசைவைப் படம்பிடித்து ஆராய்ந்தார். உடம்பு இறுகினால் ஒலியும் இறுகும். எனவே முதல் நாளிலிருந்தே அசைவைப் பழக்கு என்பது அதன் சாரம்.

இதெல்லாம் ஊரில் இருக்கும் ஆசிரியரும் செய்யக்கூடியதே. முகாமால் மட்டும் முடிவது எது என்று கேட்டால், ஒத்திகை அட்டவணை போடும் மேஜைக்குப் போக வேண்டும்.

ஒரு ஸ்டிரிங் குவார்டெட்டுக்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. முகாமுக்கு வருபவர்களில் வயலின் பிள்ளைகளே அதிகம், வியோலா அரிது. அட்டவணை போடுகிறவர் நிமிர்ந்து பார்த்து, ‘யாராவது வியோலா வாசித்துப் பார்க்கிறீர்களா?’ என்பார். அறை அமைதியாகும். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மத்தியில் வியோலாக்காரர்களைப் பற்றி ஏராளமான ஜோக்குகள் உண்டு. அவை பிள்ளைகளுக்கும் தெரியும்.

வியோலா பார்வைக்குக் கொஞ்சம் பெரிய வயலின். இ தந்தி கிடையாது. அதற்குப் பதில் அடியில் ஒரு சி தந்தி. சுருதி ஐந்து ஸ்வரம் கீழே இருப்பதால், வயலினின் 14 அங்குல உடலை ஒன்றரை மடங்காக்கி 21 அங்குலம் செய்தால்தான் கணக்குச் சரியாகும். அப்படிச் செய்தால் தோளில் வைக்க முடியாது. ஆகவே பெரியவர்களின் வியோலாவே 16 அங்குலத்தையொட்டி நின்றுவிடுகிறது. தன் சுருதிக்குப் போதாத உடம்பு என்பதால்தான் அதற்கு அந்தக் கம்மிய குரல். குழந்தைகளுக்கான வியோலா பெரும்பாலும் வயலின் அளவுக் கூட்டில் வியோலா தந்தி பூட்டியது. அதில் சி தந்தி இன்னும் தயங்கித்தான் பேசும்.

வயலினில் பழகிய பிள்ளை முதன்முறை அதன் மேல் வில்லை ஓட்டினால் விசில்தான் வரும். தந்தி தடிமன், வில்லும் சில கிராம் கனம் கூடியது. மெதுவாக இழு, கையின் பாரம் முழுவதும் இறங்கட்டும் என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, பத்து நிமிடத்தில் ஒலி பிடிபடும். அந்தக் கை வயலினுக்குத் திரும்பும்போது அங்கேயும் நாதம் பெருகியிருக்கும். தொல்லை கொடுப்பது வியோலா தாளில் வரும் ஆல்டோ கிளெஃப் என்ற குறியீடு. வழக்கமான ஐந்து கோடுகளில் ஸ்வரங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வயலினில் மூன்றாம் பொசிஷனில் வாசிப்பதாக நினைத்துக்கொண்டால் விரல்கள் தாமாகச் சரியான தந்தியில் விழும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு நாளைக்கு உதவும். அதற்குமேல் அதை நம்பினால், ஷார்ப்பும் ஃபிளாட்டும் வரும்போது கவிழ்த்துவிடும்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன பலன்? முதல் வயலின் வாசிக்கும் பிள்ளைக்கு மெட்டு கையிலேயே இருக்கிறது. மற்றவர்களைக் கேட்காமல்கூட ஒப்பேற்றிவிடலாம். வியோலாவில் அது நடக்காது. அந்தத் தாளில் பல பக்கங்கள் தனியாக வாசித்தால் பொருள்படாத ஸ்வரங்களாகவே இருக்கும். மேலே வயலின் என்ன பாடுகிறது, கீழே செல்லோ எங்கே ஊன்றுகிறது என்று காது கொடுத்தால்தான் தன் ஸ்வரம் எதற்கு என்று தெரியும். மூன்று ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அது மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் நடு ஸ்வரம் பல நேரம் வியோலாவிடம்தான் இருக்கும். அதைக் கால் மயிரிழை தாழ்த்தி வாசித்தாலும் நாலு பேரும் முகம் சுளிப்பார்கள். பிசகாமல் பிடித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

பெரியவர்கள் இந்த இடத்தை விரும்பி ஏற்றிருக்கிறார்கள். பாக் வியோலா வாசிப்பதையே அதிகம் விரும்பினார் என்று அவருடைய மகன் எழுதிவைத்திருக்கிறார். 1784இல் வியன்னாவில் ஹைடன் முதல் வயலின், டிட்டர்ஸ்டார்ஃப் இரண்டாம் வயலின், வான்ஹால் செல்லோ என்று அமர்ந்த குவார்டெட்டில் வியோலாவை எடுத்துக்கொண்டவர் மொஸார்ட். ஸ்காட்லாந்தின் வில்லியம் பிரிம்ரோஸ் வயலின் மேதை இசாயிடம் கற்கப் போனார். இசாயின் யோசனைப்படி வியோலாவுக்கு மாறினார். இசையமைப்பாளர் பார்டோக்கை வியோலா கான்செர்ட்டோ எழுதக் கேட்டவர் அவரே. மெடோமவுண்ட் மாணவரான சூக்கர்மன் இரண்டு கருவியையும் மேடைக்குக் கொண்டுபோகிறவர். சுசுகி வரிசையிலும் டோரிஸ் ப்ரூசிலின் உழைப்பால் வியோலாவுக்குத் தனிப் பாடப் புத்தகங்கள் வந்தன.

ஆக, வியோலாவை ஆள் கிடைக்காதபோது அடைக்கும் ஓட்டையாக முகாம்கள் வைத்திருக்கக் கூடாது. வயலினோடு வருகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குவார்டெட் உருப்படிக்காவது வியோலா நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைப் பாடத்திட்டமாகவே ஆக்கலாம். பணம் கட்டிய பெற்றோர் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்: இலையுதிர் காலத்தில் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன் இருக்கிறது, கான்செர்ட்டோ முடியவில்லை, ஒரு வாரம் வீண். ஆடிஷனுக்கான ஸ்கேலையும் கான்செர்ட்டோவையும் வருஷம் முழுக்க ஊரிலேயே பழகலாம். நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்க, இன்னும் மூன்று பேர் வேண்டும். அவர்கள் முகாமில்தான் கிடைப்பார்கள். செலவும் பெரிதில்லை. முகாம் அலமாரியில் உபரியாகக் கிடக்கும் நாலைந்து வயலின்களுக்கு வியோலா தந்தி வாங்கிப் பூட்டி, தந்தியைத் தாங்கும் குதிரையின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். கருவி பழுதுபார்ப்பவருக்கு ஒரு பிற்பகல் வேலை.